சேதுக் காசில் இரட்டை எழுத்து: பிழையைப் பிழையாக வாசித்தல்

நாணயம் சேர்க்கிற இளைஞர்களுக்கு இடையில ஒரு சொல் நல்லாப் பரவியிருக்கு: 'டபிள் டை'. ஐஞ்சு ரூபாக் குத்தி ஒன்றில் 'இலங்கை' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு கோடு தெரிந்தால் போதும், "இது டபிள் டை, அபூர்வம், நல்ல விலைக்குப் போகும்" எண்டு யாராவது சொல்லிவிடுவார்கள். அதே கண்ணோடு யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேதுக் காசைப் பார்த்தால் இன்னும் சுவாரசியமாக இருக்கும். நந்திக்குக் கீழே எழுத்து இரண்டு தரம் தெரியும். அரசனுக்கு ஒரு கை கூட இருக்கும். உடனே இது தனி வகை, வேறொரு அரசன் வெளியிட்டது எண்டு கதை கட்டத் தோன்றும்.

இந்தக் கட்டுரையில் நாங்கள் பேசப்போவது அந்த இரட்டிப்பைப் பற்றித்தான். நாணயத்தில் ஒரு கோடு இரண்டாகத் தெரிவதற்குப் பல காரணங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை அடித்த கணத்தில் நடந்த சறுக்கல்கள். மிகச் சிலதான் அச்சிலேயே இருந்தவை. இந்த வேறுபாடு விலை பேசுவதற்கு மட்டும் தேவையான ஒன்று எண்டால் நாங்கள் இவ்வளவு நீளமாக எழுதத் தேவையில்லை. யாழ்ப்பாண அரசைப் பற்றி அந்த அரசின் காலத்திலேயே உருவாகி, இன்றைக்கும் கையில் எடுத்துப் பார்க்கக்கூடியதாக மிஞ்சியிருக்கும் சான்றுகள் மிகக் குறைவு. அவற்றில் முக்கியமானது இந்தச் செப்புக் காசு. அதில் எது எழுத்து, எது சறுக்கல் எண்டு பிரிக்கத் தெரியாவிட்டால், இல்லாத வரலாறு ஒன்றை வாசித்துவிட்டு இருக்கிற வரலாற்றைத் தவறவிட்டுவிடுவோம்.

முதலில் இயந்திரம்

பழைய காசுக்குப் போக முதல், இன்றைய குத்தி எப்படி உருவாகிறது எண்டு பார்ப்போம். இயந்திரத்தில் நடப்பது விளங்கினால் சுத்தியலில் நடப்பது சுகமாக விளங்கும்.

முதலில் நாணயத்தில் இருப்பது போலவே எழுத்தும் உருவமும் மேடாக உள்ள ஒரு உருக்குத் தண்டு செய்யப்படும். அதைத் தாயச்சு என்று வைத்துக்கொள்வோம். தாயச்சை இன்னொரு உருக்குத் தண்டின் முகத்தில் அழுத்தினால் எல்லாம் பள்ளமாகவும் மறுவளமாகவும் பதியும். அதுதான் அச்சு, ஆங்கிலத்தில் 'டை'. மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு அச்சுகளை இயந்திரத்தில் பொருத்தி, நடுவில் வெறுந்தகட்டை வைத்து, பல தொன் அழுத்தத்தில் ஒரு அடி. குத்தி வெளியே விழும். ஒரு சோடி அச்சு இலட்சக்கணக்கில் குத்திகளை அடிக்கும்.

இந்த வேலையில் இரண்டு கட்டங்களில் இரட்டிப்பு உண்டாகலாம்.

முதலாவது, அச்சைச் செய்யும் கட்டம். பழைய முறையில் தாயச்சை ஒரு தரம் அழுத்தினால் போதாது. அழுத்தும்போது உருக்கு இறுகிவிடும். அதைச் சூடாக்கி இளக வைத்து மறுபடி அழுத்த வேண்டும. இரண்டாம் தரம் அழுத்தும்போது தாயச்சு கொஞ்சம் திரும்பி நின்றால் அச்சிலேயே எழுத்து இரண்டாகப் பதிந்துவிடும். பிறகு அந்த அச்சு அடிக்கும் ஒவ்வொரு குத்தியிலும் அதே இரட்டிப்பு, அதே இடத்தில், அதே அளவில் வரும். உண்மையான டபிள் டை இதுதான். உலகம் முழுக்கப் பேசப்படும் உதாரணம் அமெரிக்காவின் 1955 ஆம் ஆண்டு ஒரு சதம். பிலடெல்பியா நாணயச்சாலையில் இப்படியொரு பிழையான அச்சு அடித்த குத்திகள், கண்டுபிடிக்க முதலே நல்ல குத்திகளோடு கலந்துவிட்டன. எல்லாவற்றையும் உருக்குவதைவிட விட்டுவிடுவது மேல் எண்டு முடிவெடுத்தார்கள். 20,000க்கும் மேற்பட்டவை புழக்கத்துக்கு வந்தன என்று கணிக்கப்படுகிறது. அந்தக் குத்தியில் ஆண்டும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். 1990களுக்குப் பிறகு ஒரே அழுத்தத்தில் அச்சைப் பதிக்கும் முறை பெரிய நாணயச்சாலைகளில் வந்துவிட்டதால், அந்த அளவுக்குப் பெரிய இரட்டிப்பு இப்போது அரிது.

இரண்டாவது, குத்தியை அடிக்கும் கட்டம். இயந்திரத்தில் அச்சு சரியாக இறுகவில்லை, அல்லது ஏதோ ஒரு பகுதி தேய்ந்து ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி விழுந்து முடிந்து அச்சு மேலே எழும்பும் அந்தக் கணத்தில் அது கொஞ்சம் துள்ளும் அல்லது பக்கவாட்டில் இழுபடும். அப்போது புதிதாக மேடாகி நிற்கும் எழுத்தின் ஒரு விளிம்பை அது நசுக்கிவிட்டுப் போகும். இதைத்தான் இயந்திர இரட்டிப்பு என்கிறார்கள். இது அச்சில் இல்லை. அடுத்த குத்தியில் கூடலாம், குறையலாம், இல்லாமலும் போகலாம். சேகரிப்பாளர்களிடம் இதற்குத் தனி மதிப்புக் கிடையாது. 'டபிள் டை' எண்டு விற்கப்படும் குத்திகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? பத்து மடங்கு பெருக்கும் ஒரு சின்ன லென்ஸ் போதும்.

உண்மையான இரட்டை அச்சில் இரண்டாவது எழுத்தும் முதலாவதைப் போலவே உருண்டு, மேடாக நிற்கும். இரண்டும் சேர்வதால் எழுத்து மொத்தத்தில் தடித்துத் தெரியும். கோட்டின் முனை மீன்வால் மாதிரிப் பிளந்திருக்கும். இயந்திர இரட்டிப்பில் நடப்பது இதற்கு எதிர்மாறானது. இரண்டாவது கோடு எனத் தெரிவது உண்மையில் ஒரு தட்டையான படி. வீட்டு வாசற்படி மாதிரி, எழுத்தின் பக்கத்தில் தாழ்வாக, நாணயத்தின் தளத்தோடு ஒட்டியபடி இருக்கும். அந்தப் படிக்கான உலோகம் எழுத்தில் இருந்தே நசுக்கி எடுக்கப்பட்டது. ஆகவே எழுத்து தடிக்காது, மெலியும். படி எல்லா எழுத்திலும் ஒரே திசைப் பக்கமாகவே விழுந்திருக்கும். லாம்பைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துப் பார்த்தால் தட்டையான படி ஒரு பக்கத்தில் கண்ணாடி போல மினுங்கும், மறுபக்கத்தில் காணாமல் போகும்.

எங்கட நாட்டுக் குத்திகளில் இன்னொரு குழப்பமும் இருக்கு. 2005க்குப் பிறகு வந்த 1 ரூபா, 5 ரூபாக் குத்திகள் பல, உருக்கின் மேல் பித்தளைப் பூச்சுப் பூசியவை. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் ஒட்டும். அடி விழும்போது இந்த மெல்லிய பூச்சு எழுத்தின் ஓரத்தில் இழுபட்டுக் கிழியும். கீழே இருக்கும் வெள்ளை உருக்கு ஒரு கோடாகத் தெரியும். அது இரட்டை அச்சும் இல்லை, இயந்திர இரட்டிப்பும் இல்லை. பூச்சுக் கிழிந்தது, அவ்வளவுதான்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு விதி இருக்கு. அச்சில் இருக்கும் பிழை ஒவ்வொரு காசிலும் திரும்ப வரும். அடியில் நடந்த பிழை அந்த ஒரு காசோடு முடிந்துவிடும். இந்த விதி இயந்திரம் வருவதற்கு முந்திய காசுக்கும் அப்படியே பொருந்தும்.

சுத்தியலும் அச்சும்

சேதுக் காசு பொதுவாகச் செம்பினால் ஆனது. பெரிய வகை ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் அகலம், 4 கிராம் அளவு நிறை. அதைவிடச் சிறியவையும் உண்டு. ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம். மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, அதற்கு மேலே பிறை, கீழே தமிழில் 'சேது'. சுற்றிவரப் புள்ளிகளால் ஒரு வட்டம். நந்தி யாழ்ப்பாண அரசர்களின் கொடியிலும் இருந்த சின்னம்.

இது சுத்தியலால் அடித்த காசு. தமிழில் நாணயம் அடிக்கும் இடத்துக்கு அக்கசாலை, கம்மட்டம் என்ற பழைய சொற்கள் உண்டு. கம்மட்டம் பெரிய தொழிற்சாலையாக இருக்கத் தேவையில்லை. உலை, அச்சு, அடிகல், சுத்தியல், இரண்டு மூன்று கைதேர்ந்த ஆட்கள் இருந்தால் வேலை நடக்கும். கீழச்சு அடிகல்லில் அல்லது மரக்குற்றியில் அசையாமல் இறுக்கப்பட்டிருக்கும். அதன் மேல் செப்புத் துண்டை வைத்து, அதற்கு மேல் மேலச்சைக் கையால் பிடித்துச் சுத்தியலால் அடிப்பார்கள். சுத்தியலால் அடிக்கும் காசு எங்கும் பொதுவாக இப்படித்தான் உருவானது.

இந்த முறையில் பிழை வருவது இயல்பு. செப்புத் துண்டு அச்சைவிடச் சிறிதாக இருந்தால் எழுத்தின் பாதி வெளியே விழுந்துவிடும். அதனால் நந்தி முழுதாக இருந்தும் 'சே' மட்டும் தெரியும் காசும், பிறை இல்லாத காசும் கிடைக்கும். பிறை இல்லாத காசைப் பிறை இல்லாத வகை என்று பட்டியல் போட்டுவிடக் கூடாது. அச்சில் பிறை இருந்தது, காசில்தான் அதற்கு இடம் இல்லாமல் போனது.

ஒரு அடியில் உருவம் சரியாக எழும்பாவிட்டால் இரண்டாவது அடி அடிப்பார்கள். இரண்டு அடிக்கும் இடையில் என்ன அசைந்தது என்பதில்தான் துப்பு இருக்கு.

மேலச்சு மட்டும் கையில் ஆடியிருந்தால், மேல்பக்கம் மட்டும் இரட்டிக்கும். கீழ்ப்பக்கம் சுத்தமாக இருக்கும். காசே கீழச்சில் இருந்து துள்ளித் திரும்பியிருந்தால், இரண்டு பக்கமும் இரட்டிக்கும். காசு மேலச்சோடு ஒட்டிக்கொண்டு எழும்பி மறுபடி கீழே விழுந்திருந்தால், கீழ்ப்பக்கம் மட்டும் இரட்டிக்கும். ஆக, ஒரு காசில் 'சேது' இரண்டாகத் தெரிந்தால் செய்ய வேண்டிய முதல் வேலை காசைத் திருப்பி மறுபக்கத்தைப் பார்ப்பது. அரசனின் உருவமும் அதே அளவு கோணத்தில் இரட்டித்திருந்தால், காசு துள்ளியிருக்கிறது எண்டு அனேகமாகச் சொல்லலாம்.

இரண்டாவது வேலை எல்லை வட்டத்தைப் பார்ப்பது. புள்ளி வட்டம் எழுத்தைப் போலவே நகர்ந்திருந்தால், முழு அச்சும் நகர்ந்திருக்கிறது. எழுத்து மட்டும் இரண்டாக இருந்து, வட்டமும் நந்தியும் பிறையும் ஒற்றையாகவே இருந்தால்தான் அச்சை வெட்டியவரின் கையை யோசிக்க வேண்டும். அவர் ஒரு எழுத்தைப் பிழையாக வெட்டிவிட்டு அதன் மேலேயே திருத்தியிருக்கலாம். சேதுக் காசின் அச்சு இன்றைய தாயச்சால் பதிக்கப்பட்டது இல்லை, உளியால் கையால் வெட்டப்பட்டது. எழுத்தை மறுவளமாக வெட்ட வேண்டும். தமிழ் எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல எழுதிப் பாருங்கள், எவ்வளவு கரைச்சல் எண்டு விளங்கும்.

மூன்றாவது வேலைதான் கடினமானது. அதே அச்சில் அடிக்கப்பட்ட இன்னொரு காசைத் தேட வேண்டும். அதிலும் அதே இரட்டிப்பு இருந்தால் அது அச்சின் பிழை. இல்லாவிட்டால் அது அந்த ஒரு காசின் கதை. ஒரே காசை வைத்துக்கொண்டு 'புதிய வகை' எண்டு சொல்ல ஏலாது.

கொம்பு ஒன்றா இரண்டா

எழுத்து வாசிப்பில் இந்த விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 'சேது' என்ற சொல்லே நல்ல உதாரணம்.

இன்று நாங்கள் 'சே' எழுதும்போது இரட்டைச் சுழிக் கொம்பு போடுகிறோம். 'செ' எழுதும்போது ஒற்றைக் கொம்பு. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இப்படி வடிவ வேறுபாடு வைத்தது வீரமாமுனிவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சீர்திருத்தம். அவர் வாழ்ந்தது 1680 முதல் 1747 வரை. யாழ்ப்பாண அரசு 1619 இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்துவிட்டது. அதற்கு முந்திய கல்வெட்டுகளிலும் காசுகளிலும் குறிலுக்கும் நெடிலுக்கும் பொதுவாக ஒரே கொம்புதான். வாசிப்பவர்தான் இடம் பார்த்து 'சேது' என்று நீட்டி வாசிக்க வேண்டும். புள்ளியும் பெரும்பாலும் இடுவதில்லை.

இப்போது இன்றைய கண்ணோடு ஒருவர் சேதுக் காசைப் பார்க்கிறார். பள்ளிக்கூடத்தில் படித்த இரட்டைச் சுழியை அவரது கண் தேடும். இரண்டாவது அடியில் நகர்ந்த ஒரு கொம்பு, முதல் கொம்புக்குப் பக்கத்தில் இன்னொரு சுழியாக நிற்கும். உடனே 'சே' எண்டு தெளிவாக இருக்குது என்று அவர் மகிழ்ந்துபோவார். ஆனால் அந்தச் சுழி எழுத்தே இல்லை. அதை எழுத்து எண்டு ஏற்றுக்கொண்டால், காசின் காலத்தையே நூறு இருநூறு வருடம் பின்னால் தள்ள வேண்டி வரும். அல்லது அது போலிக் காசு எண்டு தள்ளிவைக்க வேண்டி வரும். ஒரு சறுக்கல் அடியால் ஒரு நல்ல சான்று அநியாயமாகப் போய்விடும்.

இதே ஆபத்து எண்களிலும் உண்டு. 18 ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனி இலங்கையில் தடித்த செப்புக் காசுகளை அடித்தது. ஒரு பக்கம் கொம்பனியின் பின்னிய எழுத்துச் சின்னம், அதற்கு மேல் நகரத்தைக் குறிக்கும் ஒரு ரோம எழுத்து. கொழும்புக்கு 'சி', காலிக்கு 'ஜி', திருகோணமலைக்கு 'ரி', யாழ்ப்பாணத்துக்கு 'ஐ'. அந்தக் காலத்து எழுத்து வழக்கில் யாழ்ப்பாணப் பட்டினத்தின் பெயர் அந்த எழுத்தில் தொடங்கியது. மறுபக்கம் பெறுமதியும் ஆண்டும். யாழ்ப்பாணத்தைக் குறிக்கும் அந்த எழுத்து ஒரே ஒரு நேர்கோடு. தேய்ந்த காசில், சின்னத்தின் ஒரு கால் இரட்டித்து மேலே நீண்டால் அதையும் அந்த எழுத்து எண்டு வாசித்துவிடலாம். ஆண்டின் கடைசி இலக்கம் 3 ஆக இருந்து பக்கவாட்டில் இரட்டித்தால் 8 மாதிரித் தெரியும். ஆக, எந்த ஊர்க் காசு, எந்த ஆண்டுக் காசு என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அடியின் சறுக்கலைக் கழித்த பிறகுதான் கிடைக்கும்.

சேது யாருடையது

சரி, இவ்வளவு நுணுக்கம் எதற்கு? சேதுக் காசு யாருடையது என்ற கேள்வியே ஒரு காலத்தில் விவாதத்தில் இருந்தது.

சேது என்றால் இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடையிலான அணை. இராமநாதபுரத்தை ஆண்டவர்களுக்குச் சேதுபதி என்று பெயர். ஆகவே இந்தக் காசை முதலில் ஆராய்ந்த சிலர் இதைச் சேதுபதிகளுக்கு உரியது என்றார்கள். சொல்லை மட்டும் பார்த்தால் அது இயல்பான முடிவு.

1920 இல் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர், மறக்கப்பட்டுப்போன யாழ்ப்பாண மன்னர் நாணயங்கள் பற்றி எழுதிய கட்டுரையில் இவை ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு என்று வாதிட்டார். 1924 இல் வெளிவந்த எச். டபிள்யூ. கொட்றிங்டனின் இலங்கை நாணயங்கள் பற்றிய பெரிய நூலும் இவற்றை யாழ்ப்பாண அரசோடு சேர்த்தது. 1926 இல் முதலியார் செ. இராசநாயகம் தன் பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய நூலில் இந்த வரலாற்றை விரிவாக எழுதினார். பின்னர் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பூநகரி முதலான இடங்களில் செய்த ஆய்வுகளும் நாணயங்கள் பற்றிய அவரது எழுத்துகளும் இந்தப் பேச்சை முன்னுக்குக் கொண்டுவந்தன.

யாழ்ப்பாணத்துக்கான வாதம் எதில் நிற்கிறது? மூன்று விஷயங்கள்.

ஒன்று, காசின் வடிவம். நிற்கும் உருவம் இராஜராஜ சோழன் காலத்தில் இருந்து வரும் மரபு. பிறகு பொலன்னறுவையில் முதலாம் பராக்கிரமபாகு முதலான அரசர்கள் அதே மாதிரி உருவத்தோடு தங்கள் பெயரை நாகரி எழுத்தில் போட்டுக் காசு அடித்தார்கள். சேதுக் காசின் நிற்கும் உருவம் இந்த இலங்கை மரபின் தொடர்ச்சி. பெயர் இருந்த பக்கத்துக்கு நந்தியும் தமிழ் எழுத்தும் வந்திருக்கின்றன. இராமநாதபுரத்தில் சேதுபதி ஆட்சி மதுரை நாயக்கரின் கீழ் நிலைபெற்றது 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கும் பொலன்னறுவைக் காசுக்கும் இடையில் பல நூற்றாண்டு இடைவெளி.

இரண்டு, சேது என்ற சொல்லை யாழ்ப்பாண அரசர்கள் தங்கள் மங்கலச் சொல்லாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். 'சேதுகாவலன்' என்பது அவர்களுக்கு இலக்கியங்களில் வரும் பட்டம். கேகாலை மாவட்டத்தின் கொட்டகமவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, சிங்கைநகர் ஆரியரின் வெற்றியைப் பாடுவது. அதன் தொடக்கத்திலும் 'சேது' என்ற சொல் வருகிறது.

மூன்று, காசு கிடைத்த இடம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வடபகுதியிலும் இவை பரவலாகக் கிடைக்கின்றன. செப்புக் காசு சின்னப் பெறுமதியானது. பொன்னையும் வெள்ளியையும் போல அது இலேசில் தூர தேசத்துக்குப் போவதில்லை. அடிக்கப்பட்ட நாட்டின் சந்தையிலேயே பெரும்பாலும் சுற்றும்.

இந்த மூன்றிலும் எழுத்தை மட்டும் நம்பி நிற்பது ஒன்றுதான். மற்ற இரண்டும் அச்சின் வடிவத்தையும் கிடைத்த இடத்தையும் நம்பி நிற்கின்றன. எழுத்தை மட்டும் பார்த்தவர்களுக்குச் சேதுபதி தெரிந்தார். காசு முழுவதையும் பார்த்தவர்களுக்கு ஆரியச்சக்கரவர்த்தி தெரிந்தார்.

எங்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் எண்டால், மற்றச் சான்றுகளின் நிலை அப்படி. நல்லூர்க் கோவிலைப் போர்த்துக்கேயர் 1621 இல் இடித்தார்கள். மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதியது 1736 அளவில், அரசு வீழ்ந்து நூறு வருடத்துக்கும் பிறகு, ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டதற்காக. நல்லூரில் மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு வளைவு என்று நாங்கள் காட்டும் கட்டடங்களில் இப்போது தெரியும் அம்சங்கள் பல ஒல்லாந்தர் காலத்தவை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. இவ்வளவுக்கும் பிறகு, அந்த அரசின் அதிகாரத்தோடு அடிக்கப்பட்டு, அந்தக் காலத்துச் சனத்தின் கையில் புழங்கி, இன்னும் தோட்டத்து மண்ணில் இருந்து எழும்பி வருவது இந்தச் செப்புத் துண்டுதான்.

ஒன்றின் மேல் ஒன்று

எல்லா மேற்படிவும் பிழையும் இல்லை. கந்தரோடையில் 1917 தொடக்கம் போல் ஈ. பீரிஸ் செய்த ஆய்வுகளில் பழைய வெள்ளி முத்திரை நாணயங்களும் கிடைத்தன. அவை அச்சில் அடித்தவை இல்லை. வெட்டியெடுத்த வெள்ளித் துண்டில் சூரியன், மரம், மலை, விலங்கு போன்ற சின்னங்களைத் தனித்தனிச் சின்ன உளிகளால் ஒவ்வொன்றாகக் குத்தியிருப்பார்கள். பொதுவாக ஒரு பக்கம் ஐந்து சின்னங்கள். இடம் போதாமல் ஒரு சின்னம் இன்னொன்றின் மேல் ஏறி விழும். பார்ப்பதற்கு இரட்டிப்பு மாதிரியே இருக்கும். ஆனால் இங்கே எது மேலே, எது கீழே என்பதே தகவல். எந்தச் சின்னம் முதலில் குத்தப்பட்டது என்ற வரிசையை அது சொல்லும்.

ஆகவே ஒரு காசைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எப்படிச் செய்யப்பட்டது என்பதுதான். முத்திரை நாணயமா, வார்த்ததா, சுத்தியலால் அடித்ததா, இயந்திரத்தில் அடித்ததா? ஒவ்வொரு முறைக்கும் அதற்கே உரிய பிழை உண்டு. வார்த்த காசில் அடியின் இரட்டிப்பு இருக்காது. அதனால் சேதுக் காசில் இருக்கும் சறுக்கல் ஒரு விதத்தில் நல்ல சாட்சியும்கூட. இது உண்மையில் சுத்தியலால் அடிக்கப்பட்டது, பிற்காலத்தில் அச்சுவார்த்துச் செய்த நகல் இல்லை எண்டு சொல்ல அது ஒரு ஆதாரம். ஆனால் அது மட்டும் போதாது. நல்ல காசில் இருந்து மண் அச்சு எடுத்து வார்த்தால் அதன் சறுக்கலும் சேர்ந்தே வரும். ஒரே சறுக்கல், ஒரே இடத்தில், இரண்டு மூன்று காசுகளில் அச்சுப் பிசகாமல் இருந்தால் அங்கே சந்தேகப்பட வேண்டும். அடியில் நடந்த பிழை இரண்டு தரம் ஒரே மாதிரி நடக்காது.

கையில் ஒரு காசு கிடைத்தால்

தோட்டம் கொத்தும்போதோ கிணறு இறைக்கும்போதோ ஒரு பச்சை பிடித்த செப்புக் காசு கிடைத்தால் எங்கட வீடுகளில் முதலில் நடப்பது, குத்துவிளக்கு மினுக்குவது மாதிரிப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பச்சைப் படிவோடு சேர்ந்து எழுத்தின் மெல்லிய விளிம்பும் போய்விடும். நாங்கள் மேலே சொன்ன தட்டைப் படியா உருண்ட கோடா என்ற சோதனையை அதன் பிறகு செய்யவே முடியாது. மண்ணை ஊதிவிட்டு, உலர்ந்த கடதாசியில் சுற்றி வையுங்கள்.

இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். வெளிச்சம் நேர் மேலே இருந்து வராமல் பக்கவாட்டில் தாழ்வாக வரட்டும். காசைத் திருப்பித் திருப்பி ஒரே பக்கத்தை நாலு திசை வெளிச்சத்தில் எடுத்தால், எது மேடு எது படி எண்டு படத்திலேயே தெரியும். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கள். நகைக்கடைத் தராசில் நிறையைப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இடம். எந்த ஊர், எந்த வளவு, எவ்வளவு ஆழம், கூட என்ன ஓடு, என்ன மணி கிடந்தது என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். பிறகு அறிவியுங்கள். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி மண்ணில் கிடைக்கும் தொல்பொருளை அறிவிப்பது கடமை. அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவது குற்றம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கிற, படிப்பிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் காட்டுங்கள், கதையுங்கள்.

ஏன் இடம் அவ்வளவு முக்கியம்? நல்லூரில் கிடைத்த ஒரு சேதுக் காசும், பூநகரியில் கிடைத்த இன்னொன்றும், கடலுக்கு அங்கால் தமிழ்நாட்டுக் கரையில் கிடைத்த வேறொன்றும் ஒரே அச்சில் அடிக்கப்பட்டவை என்று காட்ட முடிந்தால், ஒரு அரசின் சந்தை எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதை அந்த மூன்று காசும் சேர்ந்து சொல்லும். ஒரே அச்சு எண்டு காட்டுவதற்கு, அச்சின் பிழையையும் அடியின் பிழையையும் பிரிக்கத் தெரிய வேண்டும். எங்கே கிடைத்தது எண்டும் தெரிய வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கணக்குப் பிழைத்துவிடும்.

'அபூர்வ இரட்டை எழுத்து' எண்டு மினுக்கி, இடம் சொல்லாமல் விற்கப்படும் ஒரு சேதுக் காசில் இந்த இரண்டும் இல்லை. வாங்குபவரின் பெட்டிக்குள் ஒரு பொருள் கூடும். யாழ்ப்பாண வரலாற்றில் ஒரு வரி குறையும். அதனால் அடுத்த முறை யாராவது இரட்டை எழுத்துக் காசு ஒன்றைக் காட்டினால், என்ன விலை எண்டு கேட்க முதல் எங்கே எடுத்தது எண்டு கேளுங்கள். பிறகு காசைத் திருப்பி மறுபக்கத்தைப் பாருங்கள்.